இருபத்தாறு எஞ்சினும் ஒரு கட்டிலும்

நார்மண்ட் கடியூவின் பட்டறையில் இருபத்தாறு கார் எஞ்சின்கள் இருந்தன. ஒன்றுகூட ஓடாது. ஓடாது என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவற்றைத் தூக்கிப் போட மனசு வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த மனசு வருவதற்குள் ஒரு மார்ச் மாதமே போய்விட்டது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சின்ன ஊரான எங்கள் டக்கர்ஸ் மில்ஸில் ஒரு வழக்கம். குளிரில் ஏரி கல்லாக உறைந்ததும் தீயணைப்புப் படைக்காரர்கள் ஒரு பழைய காரைத் தள்ளிக்கொண்டுபோய் நடு ஏரியில் நிறுத்துவார்கள். பனி இளகி அந்தக் கார் எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். சீட்டுப் பணத்தில் படைக்குக் குழாயும் ஹெல்மெட்டும் வாங்குவார்கள். முங்கிய காரைச் சங்கிலி போட்டுக் கரைக்கு இழுத்துவிடுவதும் உண்டு. அந்த ஏரித் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அதனால் காரில் ஒரு சொட்டு ஆயில்கூட இருக்கக் கூடாது. எஞ்சின், கியர் பெட்டி, டேங்க் எல்லாவற்றையும் முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். 1998இல் போன முதல் காரிலிருந்து இந்த 2023ஆம் வருஷத்துக் கார் வரை கழற்றியவர் நார்மண்ட்தான். அதற்குக் கூலி கிடையாது. கழற்றிய எஞ்சின் கழற்றியவருக்கு என்பது பேச்சு.

ஊர்ச் சாலைத் துறையில் முப்பத்தேழு வருஷம் பனி தள்ளும் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அவர். வயது எழுபத்தொன்று. வாயைத் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் அன்று மழை வரும் என்பார்கள். யாருக்காவது செல்ஃப் மோட்டார் போய்விட்டால், டைனமோ படுத்துவிட்டால், நேரே அவர் பட்டறைக்குத்தான் வருவார்கள். அவரும் எந்த எஞ்சினிலிருந்தாவது கழற்றிக் கொடுத்துவிடுவார். இப்படி உபயோகமான சாமான்களெல்லாம் வருஷக்கணக்கில் ஊருக்குள் போய்விட, பட்டறையில் மிச்சமிருந்தது யாருக்கும் வேண்டாத பாகங்கள்: வெறும் இரும்புக் கூடான பிளாக்கும், அதற்குள் பிஸ்டனும் ராடும் கிராங்கும். ஆனால் ஒவ்வொரு பிளாக்கின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு தேதியும் மணியும் இருக்கும். கார் முங்கிய செய்தி வந்ததும் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அதன் எஞ்சினில் எழுதிவிடுவார். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சீட்டும் வருஷா வருஷம் ஒன்று வாங்குவார். ஒருதரம்கூட ஜெயித்ததில்லை.

அவர் மனைவி க்ளெண்டா வேறு மாதிரி. முப்பத்தோரு வருஷம் ஊர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். பிறப்பு, இறப்பு, நிலம், நாய் லைசென்ஸ், எல்லாம் அவள் கையெழுத்தில்தான் நடந்தது. சட்டம் பேசினால் வக்கீல்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். ஜனவரி கடைசியில், ஒரு காலை, வாசல் தபால் பெட்டிக்குப் போனவள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பெலும்பு. ஐந்து வருஷத்துக்கு முன் வலது பக்கம் முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, முப்பது மைல் தள்ளி, நடை பழக்கும் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள்.

பிப்ரவரி நடுவில் அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் நார்மண்டைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"வீட்ல படுக்கை ரூம் எங்க சார் இருக்கு?"

"மாடில."

"மாடிப்படி இனிமே வேணாம். கொஞ்ச நாளைக்குன்னு சொல்லல, இனிமேயே வேணாம். கீழ ஒரு ரூம், ஒட்டினாப்பல பாத்ரூம். மார்ச் இருபத்தெட்டுக்குள்ள ரெடி பண்ணிட்டீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம். இல்லேன்னா இங்கயே நீண்ட நாள் பகுதிக்கு மாத்தணும்."

"அங்கருந்து எப்ப வருவா?"

அந்தப் பெண் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "அங்க போறவங்க சாதாரணமா வீட்டுக்கு வர்றதில்ல சார்."

வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சமையலறை, விறகடுப்பு வைத்த ஒரு சின்னக் கூடம். அங்கே கட்டில் போட்டால் அடுப்பை எடுக்க வேண்டும். அடுப்பை எடுத்தால் வெர்மான்ட் குளிரில் இருவரும் விறைக்க வேண்டியதுதான். பாக்கி இருப்பது சமையலறைச் சுவரை ஒட்டிய பட்டறை. கிரீஸ் கையோடு உள்ளே வந்து என் பாத்ரூமை நாசம் பண்ணாதே என்று க்ளெண்டாவே ஒரு காலத்தில் சண்டை போட்டு, அங்கே ஒரு கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கச் சொன்னாள். வெப்பக் குழாயும் போகிறது. ஆக, அந்த வீட்டில் க்ளெண்டா படுக்கக் கூடிய ஒரே இடம் அதுதான். அதில்தான் இருபத்தாறு எஞ்சின்கள்.

நார்மண்ட் வீட்டுக்கு வந்ததும் காயலான் கடை ரெஜிக்குப் போன் பண்ணினார். ரெஜி மறுநாளே லாரியோடு வந்துவிட்டான். பட்டறைக் கதவைத் திறந்து பார்த்து, விரலால் எண்ணினான்.

"ரெண்டு நடைதான் நார்ம். நீ தள்ளி நில்லு. சாயந்திரத்துக்குள்ள உனக்குத் தரை தெரியும்."

"வந்தது வந்துட்ட. ஒரு காபி குடி."

காபி வந்தது. காபியோடு கதையும் வந்தது. இது 2004, பழைய போஸ்ட் மாஸ்டரின் கார், அந்த மனுஷர் கடைசி வரை மூன்றாவது கியருக்கு மேல் போனதே இல்லை. அது 2009, பால் பண்ணைக்காரர் வீட்டுக் கார், எஞ்சினைத் திறந்தால் உள்ளே எலிக் கூடு. நார்மண்ட் ஒவ்வொரு பிளாக்காகத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நாலு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர் நாற்பது வாக்கியம் பேசினார்.

ரெஜி கோப்பையைக் கீழே வைத்தான். "யோவ், நான் எஞ்சின் எடுக்க வந்தனா, துக்கம் விசாரிக்க வந்தனா?"

"அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் ரெஜி வந்தான், காபி குடித்தான், போனான். மூன்றாவது வாரமும் அதேதான். நான்காவது தரம் கூப்பிட்டபோது, "காபிக்குன்னா சொல்லு, கார்ல வர்றேன். லாரிக்கு டீசல் போட்டுக் கட்டுப்படியாகல" என்றான்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டு அறையில் இரும்பு நாற்காலி போட்டு, காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, சாலைக்கு உப்பு எவ்வளவு, பாலத்துக்குப் பெயின்ட் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கை தூக்கி முடிவெடுப்போம். நடுவில் பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த அவரையும், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை என்கிற பலகாரமும் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தவர்களில் பாதிப்பேர் தூங்கிவிழும் நேரத்தில் கடைசி இனம் வரும்: வேறு விஷயங்கள். அதில் யாராவது நாய் குரைப்பதைப் பற்றிச் சொல்வார்கள், கூட்டம் கலைந்துவிடும்.

இந்தத் தடவை அந்த இனத்தில் எழுந்து நின்றவர் நார்மண்ட். கூட்டத் தலைவர் ஹெர்ஷெல் ப்ளிஸ் கையிலிருந்த மரச் சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்பத்துநாலு வருஷமாகக் கூட்டத்துக்கு வந்தும் நார்மண்ட் ஒருதரம்கூடப் பேசியதில்லை.

"தலைவரே, ஏரிக் காருங்களோட எஞ்சின் இருபத்தாறு என் பட்டறையில கெடக்கு. என்ன பண்றதுன்னு ஊர் சொல்லட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். எதற்காக இப்போது கேட்கிறார் என்பதைச் சொல்லவில்லை. க்ளெண்டா விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அவளுக்குக் கீழே ஒரு அறை வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். தெரியாததால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது.

முதலில் எழுந்தது ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை மார்சியா. "தலைவரே, ஒவ்வொரு வருஷமும் ஏரி எப்ப இளகிச்சுங்கிற தேதி அந்த எஞ்சின் மேலதான் இருக்கு. படை ஆபீஸ் எரிஞ்சப்ப நோட்டும் சேர்ந்து எரிஞ்சு போச்சு. ஊர்ல வேற பதிவே கிடையாது. அதைப் போய் எடைக்குப் போடறதா?"

"தீயணைப்பு ஆபீஸ் எரிஞ்ச கதைய மறுபடியும் எடுக்காதீங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று பின்வரிசையிலிருந்து படைக்காரர் ஒருவர் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள்.

எல்லாவற்றையும் அடுக்கி வெல்டு வைத்து ஏரிக்கரையில் ஒரு வளைவு கட்டலாம் என்றார் ஒருவர். வளைவு விழுந்தால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். பண்ணைக்காரர் வேய்ன் எழுந்து நின்று குரல் தழுதழுக்க, "2009 எங்க மாமனார் காரு. அவரு எஞ்சின் காயலான் கடைக்குப் போறத நான் உயிரோட இருக்கற வரைக்கும் பாக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா வேய்ன்?" என்றார் ஹெர்ஷெல்.

"எங்க வீட்ல இடம் இல்ல தலைவரே."

கடைசியில் ஒரு குழு அமைப்பது என்று ஆயிற்று. ஐந்து பேரா ஏழு பேரா என்பதற்கு மட்டும் இருபது நிமிஷம். ஐந்து பேர் குழு பார்வையிட்டு, யோசித்து, அடுத்த வருஷம் மார்ச் கூட்டத்தில் அறிக்கை கொடுக்கும். அதுவரை எஞ்சின்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஹெர்ஷெல். நார்மண்டும் கை தூக்கினார்.

தன் வீட்டு விவகாரத்தைத் தானே கொண்டுபோய் ஊர் வாயில் போட்டுவிட்டு அவ்வளவு நிம்மதியாகத் திரும்பிப் போன மனிதரை டக்கர்ஸ் மில்ஸ் பார்த்ததில்லை. தோள் இறங்கி, நடை லேசாகி, மீந்த ஆப்பிள் பையில் இரண்டு துண்டு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

மறுநாள் மத்தியானம் அந்த ஆப்பிள் பைத் துண்டுகளோடு க்ளெண்டாவைப் பார்க்கப் போனார். அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் வாக்கர். மெலிந்திருந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"கூட்டம் எப்படி?" என்றாள். முப்பத்தோரு வருஷம் குறிப்பெழுதிய கூட்டத்தை அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தவறவிட்டிருந்தாள்.

அவர் வரிசையாகச் சொன்னார். உப்பு பாஸ். பாலம் பாஸ். புது லாரி தோல்வி. பிறகு கொஞ்சம் நிறுத்தி, எஞ்சின் விஷயத்தையும் சொன்னார். அடுத்த மார்ச் வரைக்கும் தொடக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்கிற மாதிரி ஒரு கையை விரித்தார்.

ஆப்பிள் பையைத் தின்றுகொண்டிருந்த க்ளெண்டா முள்கரண்டியை வைத்துவிட்டாள்.

"எந்த இனத்துல எடுத்தாங்க?"

"கடைசில."

"வேறு விஷயங்கள்லயா?"

"ம்."

"நார்ம், ஒரு மாசம் முன்னால நோட்டீஸ் ஒட்டாத விஷயத்துல ஊர் கை தூக்கினா அது வெறும் பேச்சு. யாரையும் கட்டுப்படுத்தாது. இதை முப்பத்தோரு வருஷம் சாப்பாட்டு மேசையில உனக்குச் சொல்லியிருக்கேன். உப்பு குடுன்னு கேக்கற மாதிரி சொல்லியிருக்கேன்."

நார்மண்ட் ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் குனிந்து அவள் வாக்கரின் ஒரு திருகைக் கையால் இறுக்கினார்.

"எஞ்சினும் ஊரோடது இல்ல. கழட்டினவனுக்கு எஞ்சின்னு தொண்ணூத்தெட்டுல நான்தான் மினிட்ஸ்ல எழுதினேன். உன் பொருள். உன் பட்டறை. ஊர்கிட்ட போய் ஏன் கேட்ட? வேணாம்னு யாராவது சொல்லட்டும்னுதானே?"

"நீ மாடி ஏறிடுவ" என்றார் நார்மண்ட். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. ஏறலையா?"

"போன தடவ எனக்கு அறுபத்தஞ்சு. இன்னொரு கால் நல்லா இருந்தது. நேத்து இங்க மூணு மரப்படி வெச்சு ஏறிக் காட்டுங்கன்னாங்க. ரெண்டாவதுல நின்னுட்டேன். வலி கூட இல்ல. பயம். கம்பிய விட்டா செத்துடுவேன்னு பயம்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் ஏற மாட்டேன் நார்ம். பட்டறை அப்படியே இருந்தா நானும் பழைய மாதிரி ஆயிடுவேன்னு நீ உக்காந்துட்டிருக்க. அதுக்குள்ள இருபத்தெட்டாம் தேதி வந்துடும். உன் எஞ்சினுக்குக் காவலா நான் இங்க கெடந்து சாகணுமா?"

நார்மண்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்பது அவருக்குத் தெரிந்தது. நாற்பத்துநாலு வருஷம் அந்த மாடி அறையில் ஏரியைப் பார்த்தபடி எழுந்திருக்கிறார்கள். பட்டறையைக் காலி செய்தால், இனி அவள் அங்கே வரமாட்டாள் என்று அவரே தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் ரெஜிக்குக் காபி ஊற்றினார், ஊரைக் கூட்டிக் கேட்டார்.

"தேதியெல்லாம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு வா. நான் நோட்ல ஏத்தி வைக்கறேன். மார்சியாவோட சரித்திரமும் பொழச்சுப் போகும்." முள்கரண்டியை மறுபடி எடுத்தாள். "ஆப்பிள் பை நல்லா இருக்கு. யார் பண்ணினது?"

அன்று சாயங்காலமே நார்மண்ட் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எஞ்சினுக்கு எஞ்சின் நகர்ந்து தேதிகளை எழுதினார். எழுதி முடித்ததும் ரெஜியைக் கூப்பிட்டார்.

"காபிக்கா, எஞ்சினுக்கா?" என்றான் ரெஜி.

"எஞ்சினுக்கு. காபி இன்னிக்குக் கிடையாது."

விஷயம் ஊருக்குள் பரவியது. எதற்காகக் காலி செய்கிறார் என்பதும் இந்தத் தடவை பரவியது. ஐந்து பேர் குழு முதலும் கடைசியுமாகப் பட்டறை வாசலில் கூடியது. ஆளுக்கொரு பிஸ்டனை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு கலைந்தது. மார்சியா ஒரு வாளி நிறையப் பிஸ்டன் வளையங்களை எடுத்துப் போனாள். வேய்ன் மாமனார் எஞ்சின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், ஒரே ஒரு பிஸ்டனுக்கு அனுமதி கிடைத்தது என்றார். அதைப் பேனா வைக்கிற கிண்ணமாக்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

பிளாக்குகளை ரெஜி லாரியில் ஏற்ற ஏற்ற, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளைக் கழற்றி நார்மண்ட் ஒரு ஓரமாகப் போட்டுக்கொண்டே வந்தார். ரெஜி முறைத்தான்.

"ஆரம்பிச்சுட்டியா? மறுபடியும் சேத்து வைக்கறியா?"

"இது வேற வேலைக்கு."

ராடின் ஒரு முனையில் பெரிய வளையம் இருக்கும். அதன் பாதி தனி மூடி, இரண்டு போல்ட்டில் கழன்று வரும். நார்மண்ட் சின்ன முனையை அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை இரும்புத் தகட்டில் வெல்டு வைத்துச் சுவரில் இரண்டடிக்கு ஒன்றாக முடுக்கினார். வளையங்களுக்குள் வழவழப்பான ஒரு மரக் கழியை உட்கார வைத்து மூடிகளை இறுக்கினார். இரும்புக் குழாய் போட்டிருக்கலாம், குளிரில் கைக்கு ஆகாது. கட்டில் போடும் இடத்திலிருந்து கழிப்பறை வாசல் வரை கைப்பிடி தயார். பதினொரு ராடு, ஒவ்வொன்றும் ஒரு வருஷத்துக் காருடையது. தொங்கிப் பார்த்தார். தாங்கியது.

தரையில் கால் நூற்றாண்டு ஆயில். மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டு மூன்று தரம் தேய்த்தார். மேலே பலகை அடிக்க ரெஜியே வந்து நின்றான். சுவருக்கு இளமஞ்சள் பெயின்ட். மார்ச் இருபத்தேழாம் தேதி மருத்துவமனை கொடுத்த ஒற்றைக் கட்டில் வந்து இறங்கியது.

ஆனால் நார்மண்ட் கடியூ நார்மண்ட் கடியூதான். எதிர் மூலையில் மூன்று எஞ்சின்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இருபத்து மூன்றைக் கொடுத்தவன் மூன்றை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்பது அவர் கணக்கு. ரெஜி தார்ப்பாயைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருபத்தெட்டாம் தேதி சாலையெல்லாம் சேறு. வண்டி இரண்டு தரம் சிக்கி, மத்தியானம் தாண்டித்தான் க்ளெண்டா வீட்டுக்கு வந்தாள். சமையலறையைக் கடந்து பட்டறை வாசலில் வாக்கரோடு நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். இளமஞ்சள் சுவர், ஜன்னலில் புதுத் திரை. ஆயில் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"என்ன இது?" என்று கைப்பிடியைக் காட்டினாள்.

"கான் ராடு."

வாக்கரை விட்டுவிட்டுக் கழியைப் பிடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. கழிப்பறை வாசல் வரை போய்த் திரும்பினாள். நார்மண்ட் பின்னாலேயே கையை நீட்டியபடி போனார், தேவைப்படவில்லை.

"நாலாவது ஆடுது."

அவர் ஓடிப்போய் ஸ்பானர் எடுத்துவந்து போல்ட்டை இறுக்கினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். அகலம் ஒரு ஆளுக்குத்தான்.

"உன் கட்டில் எங்க?"

"நான் மேல. ஏதாச்சும் வேணும்னா கூப்பிடு, எறங்கி வந்துடறேன்." தலைமாட்டில் வைத்திருந்த ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்துக் காட்டினார். "இதுக்குன்னே வாங்கினேன்."

க்ளெண்டா மணியை வாங்கவில்லை. மூலையைப் பார்த்தாள்.

"அது என்ன தார்ப்பாய்?"

"மூணே மூணு."

"எது எது?"

"மொதல் வருஷத்துது ஒண்ணு. உன் நீலக் காரோடது ஒண்ணு. இந்த வருஷத்துது ஒண்ணு, அதுக்கு இன்னும் தேதி எழுதல. கார் ஏரி மேலயே நிக்குது. இளகட்டும், எழுதிட்டு அப்பறம்..."

"என் நீலக் காரா? அந்தச் சனியன் ஒரு குளிர்காலத்துல கூட நேரா ஸ்டார்ட் ஆனதில்ல. ஏரில முங்கினப்ப நான் கை தட்டினேன், மறந்துட்டியா?" அவள் தார்ப்பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மூலை ஆறடிக்கு நாலடி இருக்குமா?"

"இருக்கும்."

"ஒரு கட்டில் கொள்ளும்."

நார்மண்ட் மணியைத் தலைமாட்டில் திரும்ப வைத்தார்.

"நாப்பத்துநாலு வருஷம் பக்கத்துல உன் கொறட்டையக் கேட்டுப் பழகிப்போச்சு. ரெண்டு மாசமா அங்க நான் ஒழுங்காத் தூங்கல. வீட்டுக்கு வந்துட்டேன்னு பாத்தா, எஞ்சினுக்கு எடம் வெச்சுட்டு, என்னை மணி அடிச்சுக் கூப்பிடச் சொல்ற."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்று வாரமாக அளந்து, அறுத்து, அடித்து, பெயின்ட் பூசியிருக்கிறார். ஒருதரம்கூடத் தானும் கீழே வந்து படுக்கலாம் என்று தோன்றவில்லை. கீழ் அறை அவளுடையது, மேல் அறை தன்னுடையது என்று அவராகவே பிரித்துவிட்டிருந்தார். மூன்று எஞ்சினுக்கு இடம் ஒதுக்கிய மூளைக்குத் தன் கட்டில் ஞாபகம் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. காது வரை சிவந்துபோய்ச் சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"மூணுக்கு ஒரு தனி நடையா?" என்றான் ரெஜி. "நான் அன்னிக்கே தார்ப்பாயத் தூக்கியிருப்பேன். உன் பொண்டாட்டி வந்து தூக்கட்டும்னுதான் விட்டுட்டுப் போனேன்."

அரை மணியில் லாரி வந்தது. முதல் வருஷத்து எஞ்சின் போயிற்று. நீலக் கார் எஞ்சின் போயிற்று. கடைசி எஞ்சினைச் சங்கிலியில் மாட்டித் தூக்கும்போது, பெயின்ட் இல்லாத அதன் பக்கத்தை நார்மண்ட் கையால் ஒருமுறை துடைத்தார். பிறகு ரெஜியும் நார்மண்டுமாக மாடியிலிருந்து அவர் கட்டிலைக் கழற்றி இறக்கிக் காலி மூலையில் போட்டார்கள். ரெஜிக்கு அன்று காபியும் கிடைத்தது, க்ளெண்டா சொல்லிக்கொடுத்தபடி நார்மண்ட் போட்ட ஆம்லெட்டும் கிடைத்தது. உப்பு அதிகம் என்றான் ரெஜி.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் அவரவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். தீயணைப்பு நிலையத்து ஊது குழல் ஒரே ஒருதரம் ஊதியது. ஏரிக் கார் முங்கினால் அப்படித்தான் ஊதுவார்கள். நார்மண்ட் எழுந்து உட்கார்ந்தார். பெயின்ட் டப்பா இருந்த அலமாரி இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இப்போது க்ளெண்டாவின் துணிப்பெட்டி இருந்தது. சமையலறையில் போன் அடித்தது. போய் எடுத்துப் பேசிவிட்டு வந்தார்.

"ஹெர்ஷெல். ரெண்டு அம்பத்திரெண்டுக்காம்."

க்ளெண்டா தலையணைக்கடியிலிருந்து நோட்டை எடுத்தாள். இருபத்தைந்து தேதிக்குக் கீழே, அதே எழுத்தர் கையெழுத்தில், இருபத்தாறாவதை எழுதி அடியில் கோடு போட்டாள்.

"உன் சீட்டுல என்ன தேதி?"

"மே ரெண்டு."

"வருஷா வருஷம் தள்ளித்தான் போடற நீ" என்றாள் க்ளெண்டா.

ஆமாம் என்றார் நார்மண்ட். கட்டிலில் நீட்டிப் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். பத்து நிமிஷத்தில் குறட்டை ஆரம்பித்தது. க்ளெண்டா நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.